ராமநாதபுரம் கடலோரத்தில் பழைய டிஷ்வாஷர்: தேடி வாங்குவது முதல் ஓட வைப்பது வரை

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரம் நெடுக, வளைகுடாவில் சம்பாதித்த குடும்பங்களின் மாடி அறைகளில் பழைய டிஷ்வாஷர்கள், அதாவது பாத்திரம் கழுவும் மெஷின்கள், துணி போர்த்திக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் ஊருக்குத் திரும்பும்போது மற்ற சாமான்களோடு வந்தவை. வந்த புதிதில் கொஞ்ச காலம் ஓடியிருக்கும். அப்புறம் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமலோ, பழுது பார்க்க ஆள் கிடைக்காமலோ மூலைக்குப் போயிருக்கும்.

எங்கள் வீட்டில் இன்று தினமும் ஓடுவது அப்படி ஒன்றுதான். மாமா குவைத்திலிருந்து கப்பலில் அனுப்பிய ஜெர்மன் மெஷின். உம்மாவுக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம். அதைத் திரும்ப ஓட வைக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிளம்பர் ஒன்று சொல்வார், எலக்ட்ரீஷியன் ஒன்று சொல்வார், முழுசாகச் சொல்ல ஆள் இருக்காது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதுசு வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் நம் கடலோரத்தில் உப்புக் காற்று முதலில் தின்பது எலக்ட்ரானிக் போர்டைத்தான். பழைய மெஷினில் போர்டு கிடையாது. திருகும் டைமர், மோட்டார், ஹீட்டர், இரண்டு மூன்று சுவிட்ச், அவ்வளவுதான். எதையும் கழற்றிப் பார்க்கலாம், ஒவ்வொன்றாக மாற்றலாம். உள்ளே இருக்கும் ஸ்டீல் தொட்டி நல்ல கனம். பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

1. மெஷினைத் தேடும் முன் தண்ணீரைப் பாருங்கள்

எல்லாரும் மெஷினை வாங்கிவிட்டுத் தண்ணீருக்கு அலைகிறார்கள். நம் பக்கம் அது தலைகீழான வேலை. மெஷின் நூறு கிடைக்கும். அது குடிக்கத் தண்ணீர் இல்லையென்றால் எதுவும் ஓடாது.

போர் தண்ணீரையும் காவிரிக் கூட்டுக் குடிநீரையும் தனித்தனி பாட்டிலில் பிடித்து ஆய்வுக்குக் கொடுங்கள். ராமநாதபுரத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். அறிக்கை கையில் வர ஒரு வாரம் போல வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று எண்களைத்தான் பார்க்க வேண்டும்: மொத்தக் கரைதிடப்பொருள் என்கிற டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரைடு.

கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும். சுண்ணாம்பா, சோற்றுப்பா என்று பிரித்துச் சொல்லாது. நமக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம்.

சுண்ணாம்பு, அதாவது கடினத்தன்மை, சமாளிக்கக்கூடியது. ஐரோப்பிய மெஷின்களில் பெரும்பாலும் தண்ணீரை மென்மையாக்கும் பகுதி உள்ளேயே இருக்கும். அதற்குள் இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மெஷின் புத்தகத்தில் ஜெர்மன் டிகிரிக் கணக்கில் அளவு போட்டிருப்பார்கள். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். உங்கள் அறிக்கையில் கடினத்தன்மை 356 என்று இருந்தால் 20 டிகிரி.

குளோரைடு அப்படியில்லை. மென்மையாக்கும் பகுதி அதைத் தொடவே தொடாது. உப்புத் தண்ணீர் சூடாகி ஸ்டீலில் காய்ந்தால் ஊசி குத்தின மாதிரி குழி விழும், அந்தக் குழி வழியாகத் தொட்டி ஓட்டையாகும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லையென்றால் 1000 வரை அனுமதி. அது மனுஷர் குடிக்க. மெஷினுக்கு 250-க்கு மேல் போனால் நான் சம்மதிக்க மாட்டேன். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரை இதற்குள் விடவே கூடாது.

ஆக, பெரும்பாலான கடலோர வீடுகளில் காவிரித் தண்ணீர்தான் வழி. அது தினமும் வருவதில்லையே என்ற கவலை வரும். பழைய மெஷின் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 20 முதல் 25 லிட்டர் எடுக்கும். தள்ளுவண்டியில் வரும் குடக் கணக்கில் இரண்டு குடத்துக்குள் முடிந்துவிடும். பன்னிரண்டு பேர் சாப்பிட்ட தட்டு, கிண்ணம், டம்ளருக்கு இது குறைவுதான். குழாயடியில் உட்கார்ந்து கழுவினால் இதைவிட அதிகம் போகும். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை நல்ல தண்ணீருக்கென்றே தனியாக ஒதுக்குங்கள். தினம் ஒரு ஓட்டம் என்றால் ஒரு வாரத்துக்குக் காணும்.

ஆர்.ஓ. தண்ணீரை விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. சொட்டுச் சொட்டாகத்தான் தரும், பாதிக்கு மேல் கழிவாகக் கொட்டும். தண்ணீருக்குக் காசு கொடுக்கிற ஊரில் அது நியாயமில்லை.

2. எங்கே தேடுவது, எதைத் தொட்டுப் பார்ப்பது

முதலில் சொந்தக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். கல்யாணப் பந்தியில் சொன்னாலே போதும், "எங்க லாத்தா (அக்கா) வீட்டு மாடியில ஒண்ணு கெடக்கு" என்று யாராவது வந்துவிடுவார்கள். அடுத்தது பழைய வீடு இடிக்கும் இடங்கள். மூன்றாவது ராமநாதபுரத்திலும் மதுரையிலும் உள்ள காயலான் கடைகள். காயலான் கடையில் ஒன்று கவனியுங்கள்: செம்புக்காக மோட்டாரை ஏற்கெனவே பிரித்திருப்பார்கள். அடித்தட்டைத் திறந்து மோட்டார் இருக்கிறதா என்று பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

நேரில் போகும்போது டார்ச், ஒரு ஸ்குரூடிரைவர் போதும்.

கதவைத் திறந்ததும் முகத்தை உள்ளே விட்டுத் தொட்டியின் அடிப்பகுதியைப் பாருங்கள். பில்ட்டரைத் திருகி எடுத்து, அந்தக் குழியின் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். பழுப்புக் கறை மேலாக இருந்து துடைத்தால் போனால், அது தட்டு அடுக்கும் கம்பிக் கூடையிலிருந்து சொட்டிய துரு, பயமில்லை. நகத்துக்குத் தட்டுப்படுகிற மாதிரி குழி இருந்தால் தொட்டி போய்விட்டது. அந்த மெஷினை உதிரி பாகத்துக்கு மட்டும் வாங்கலாம்.

அடுத்து, படுக்க வைத்து அடித்தட்டு. இது பெரும்பாலும் துத்தநாகம் பூசிய தகடு. நம் பக்கத்தில் முதலில் உதிர்வது இதுதான். ஓரம் மட்டும் துரு என்றால் ஒட்டுப் போடலாம். மோட்டார் உட்காரும் இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்தும்போது உள்ளே இறங்கினால் விட்டுவிடுங்கள்.

கேஸ்கெட், அதாவது கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர், காய்ந்திருப்பது, கூடையில் துரு, கதவுக் கயிறு அறுந்திருப்பது, ஹோஸை எலி கடித்திருப்பது, டைமருக்குள் எறும்பு கூடு கட்டியிருப்பது எல்லாம் சரி செய்யக்கூடியவை. இவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

விலை? ஓடாத மெஷினுக்கு 2000 முதல் 5000 ரூபாய்க்குள் பேசுங்கள். "வெளிநாட்டு ஐட்டம், அப்ப அம்பதாயிரம் கொடுத்தது" என்று சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், விலையை அதற்காக ஏற்ற வேண்டாம். செலவு இனிமேல்தான் இருக்கிறது.

3. பெயர்ப்பலகையைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

கதவின் மேல் விளிம்பிலோ பக்கவாட்டிலோ ஒரு சின்ன உலோகத் தகடு அல்லது ஒட்டுத்தாள் இருக்கும். அதில் வோல்ட், ஹெர்ட்ஸ், வாட்ஸ் மூன்றையும் படியுங்கள்.

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். குவைத், துபாய், கத்தார், ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்தவை பெரும்பாலும் இதோடு ஒத்துப்போகும். சவுதியிலிருந்து வந்தவற்றில்தான் சிக்கல். அங்கே 60 ஹெர்ட்ஸ். அதோடு வீடுகளில் 127 வோல்ட் இணைப்பும் நெடுங்காலம் இருந்தது.

60 ஹெர்ட்ஸ் மட்டும் போட்ட மெஷினை இங்கே மாட்டினால் ஓடத்தான் செய்யும். அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். மோட்டார் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும்; தண்ணீர் பீய்ச்சும் அழுத்தம் முப்பது சதவீதம் போல விழும்; டைமரும் அதே கணக்கில் மெதுவாகி, ஒரு மணி நேர ஓட்டம் 72 நிமிஷம் இழுக்கும். பாத்திரம் சுத்தமாகாது, மோட்டார் சூடாகிச் சுருள் கருகும். ஹெர்ட்ஸை மாற்ற ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரால் முடியாது. அது வோல்ட்டை மட்டும்தான் மாற்றும். தகட்டில் "50/60" என்று இரண்டும் இருந்தால் வாங்கலாம். 127 வோல்ட் என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பாஷ், சீமென்ஸ் மெஷின் என்றால் அதே தகட்டில் "எஃப்.டி." என்று நான்கு இலக்க எண் தொடங்கும். முதல் இரண்டு இலக்கத்தோடு 20 கூட்டினால் தயாரித்த வருஷம், அடுத்த இரண்டும் மாதம். 7508 என்றால் 1995 ஆகஸ்ட். விற்பவர் சொல்லும் வயதைச் சரிபார்க்க இது உதவும். அதைவிட முக்கியம், அந்தத் தகட்டில் உள்ள "ஈ.என்.ஆர்." மாடல் எண். உதிரி பாகம் கேட்கும்போது கம்பெனிப் பெயரைச் சொல்லிப் பயனில்லை. இந்த எண்ணைத்தான் கேட்பார்கள். தகட்டைத் தெளிவாகப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாள்கள் விஷயம். மெஷின் புத்தகம் பெரும்பாலும் வீட்டில் எங்கோ இருக்கும். அலமாரியைக் கிளறச் சொல்லுங்கள். வயரிங் படம் சில மாடல்களில் அடித்தட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் செருகியிருப்பார்கள். ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தால் இழுக்காமல் படம் எடுத்துவிட்டு அப்புறம் தொடுங்கள்.

வாங்கியதற்கு ஒரு வெள்ளைத்தாளிலாவது எழுதி வாங்குங்கள்: மாடல் எண், தொகை, தேதி, "ஓடாத நிலையில் விற்கப்பட்டது" என்ற வரி, இருவர் கையெழுத்து. பெரியவர் மௌத்தாகி (காலமாகி), சொத்து இன்னும் பங்கு பிரிக்காத வீடு என்றால் வாரிசுகள் எல்லாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்கள் தெருவிலேயே, வாங்கிப் பழுது பார்த்து முடித்த பிறகு "அது எங்க வாப்பா சாமான்" என்று வெளிநாட்டிலிருந்து ஒரு மகன் போன் செய்து பெரிய மனஸ்தாபமாகிவிட்டது.

4. ஏற்றி இறக்குவது

பழைய மெஷின் 50 கிலோவை ஒட்டி இருக்கும். குட்டி யானை வண்டி போதும். வாடகை பேசும்போதே ஏற்றுகூலி, இறக்குகூலி சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து இறக்க வேண்டுமென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். உள்ளே இருக்கும் கூடைகளைத் தனியாக எடுத்துவிட்டு, கதவைக் கயிற்றால் கட்டி, நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும். கதவைப் பிடித்துத் தூக்கினால் கீல் வளையும், பிறகு எந்த கேஸ்கெட் போட்டாலும் ஒழுகும்.

5. பிளக்கில் செருகாதீர்கள்

வண்டியிலிருந்து இறக்கியதும் "ஓடுதான்னு பாப்போம்" என்று கை பரபரக்கும். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் பல மெஷின்கள் செத்துப்போகின்றன.

வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்ததில் மோட்டாரின் தண்ணீர் சீல் ஒட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் கொடுத்தால் மோட்டார் உறுமும், சுற்றாது, சூடாகிக் கருகும். பில்ட்டரை எடுத்துவிட்டு, குழியில் வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் அடியில் மோட்டாரின் விசிறியைக் கையால் இரண்டு பக்கமும் மெல்லத் திருப்புங்கள். நெகிழ்ந்து தாராளமாகச் சுற்றும் வரை பொறுமை வேண்டும்.

பிறகு ஹீட்டர். ஹீட்டர் குழாய்க்குள் இருக்கும் வெள்ளைப் பொடி ஈரத்தை உறிஞ்சும். நம் காற்றில் கேட்கவே வேண்டாம். மல்டிமீட்டரில் ஹீட்டரின் தடை 2000 வாட்ஸுக்கு 26 ஓம் போலக் காட்டினால் உள்ளே கம்பி அறுபடவில்லை. ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. மின்கசிவு பார்க்கும் 500 வோல்ட் மெகர் கருவியால் ஹீட்டர் முனைக்கும் அதன் உலோக உறைக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால், ரப்பர் சீலைக் கழற்றிவிட்டு ஹீட்டரை மட்டும் ஓவனில் 120 டிகிரியில் சில மணி நேரம் காய வைத்து மறுபடி அளக்க வேண்டும். வெயிலில் வைத்தால் போதாது. காய்ந்த பிறகும் ஏறவில்லையென்றால் புதுசு. மதுரையில் அளவு கொடுத்தால் ஹீட்டர் சுற்றித் தரும் பட்டறைகள் உண்டு. 1500 முதல் 3000 ரூபாய், ஒரு வாரம் பத்து நாள்.

மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். நூறு இருநூறு ரூபாய் சாமான். மேலே எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் எண்ணும் வோல்ட்டும் அதேதான் இருக்க வேண்டும்.

6. மின் இணைப்பு: இதில் சமரசம் வேண்டாம்

16 ஆம்பியர் பிளக் பாயிண்ட், தனி வயர், மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச், உண்மையான எர்த். நான்கும் வேண்டும். ஆர்.சி.சி.பி. ஏறக்குறைய 2000 ரூபாய் ஆகும்.

மெஷின் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால் ஹீட்டரோ மோட்டாரோ கசிகிறது என்று பொருள். அதைத் தேடாமல், எர்த் வயரைக் கழற்றிவிட்டு "இப்ப விழாது பாருங்க" என்று சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். எங்களிடமும் ஒருவர் சொன்னார். தண்ணீர் நிறைந்த ஸ்டீல் பெட்டியை, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பெண்கள் தொடப்போகிறார்கள். அப்படிச் சொல்பவரை அன்றோடு அனுப்பிவிடுங்கள்.

நம் மணல் தரையில் எர்த் குழாய் சீக்கிரம் துருப்பிடித்து அறுந்துபோகும். மேலே பார்த்தால் தெரியாது. பழைய வீடு என்றால் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் புதிதாகப் போடுங்கள்.

மின்வாரிய அட்டையில் உங்கள் இணைப்பின் பளு எவ்வளவு என்றும் பாருங்கள். ஏ.சி., மோட்டார், இதுவும் சேர்ந்தால் தாண்டலாம். அப்படியானால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. பில் கணக்கும் சொல்லிவிடுகிறேன்: சூடான ஓட்டம் ஒன்றுக்கு ஒன்றரை யூனிட் வைத்துக்கொண்டால், தினம் ஒன்று, இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். இலவச 100 யூனிட்டை இதுவே கிட்டத்தட்டச் சாப்பிட்டுவிடும்.

7. கழற்றி, சுத்தம் செய்து, பூட்டுவது

காலம் பார்த்துத் தொடங்குங்கள். கீழக்கரை, ஏர்வாடி போன்ற தென்கடல் பக்கத்துக்கு வைகாசி முதல் காற்றுக் காலம். திறந்து வைத்த இரும்பு ஒரு வாரத்தில் சிவந்துவிடும். தொண்டி, தேவிபட்டினம் போன்ற வடகடல் பக்கத்துக்கு ஐப்பசி முதல் வாடையும் மழையும். மாசி, பங்குனி இரண்டு பக்கத்துக்கும் ஏற்ற மாதம். மூன்று வாரம் ஒதுக்கினால் அவசரமில்லாமல் முடிக்கலாம். அதில் பாதி நாள் சாமான் வரக் காத்திருப்பதாகத்தான் இருக்கும்.

ஒவ்வொரு வயரைக் கழற்றும் முன்னும் படம் எடுங்கள். டைமரில் இருபதுக்கு மேல் வயர் இருக்கும், நிறம் வெளிறிப்போய் எல்லாம் ஒன்று போலத் தெரியும். வயர் நுனியில் செருகும் தட்டையான ஸ்பேடு முனைகள் பச்சை பூத்திருந்தால் சுரண்டி மாட்டாதீர்கள், வெட்டிவிட்டுப் புதுசு அழுத்துங்கள். பழைய முனைதான் பிறகு சூடேறித் தீயும்.

கழிவுநீர் பம்பை அவசியம் திறங்கள். எங்கள் மெஷினில் பம்ப் சுற்றாததற்குக் காரணம், சின்ன விசிறியின் தண்டில் நூல் மாதிரி சுற்றி இறுகிக் கிடந்த மீன் முள்ளும், காய்ந்து கண்ணாடித் தாள் போலாகியிருந்த செதிலும். குறடால் ஒவ்வொன்றாக உருவியதும் விசிறி விரல் பட்டாலே சுற்றியது. புது பம்ப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

தண்ணீர் பீய்ச்சும் கைகளின் துளைகளைப் பல்குத்தும் குச்சியால் குத்திவிட்டு, ஒரு முனையில் குழாயைப் பிடித்து உள்ளே அலசுங்கள்.

சுண்ணாம்பு படிவை எடுக்க மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், 150 கிராம் போதும். தொட்டியின் அடியில் கொட்டி, பாத்திரம் இல்லாமல் சூடான ஓட்டம் ஒன்று விட வேண்டும். முழு மெஷினும் சரியான பிறகு செய்யும் வேலை இது. பாத்ரூம் ஆசிட்டை ஊற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பளபளவென்று ஆகும், ஸ்டீலை அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரும் அதே கதைதான்.

கம்பிக் கூடையில் பூச்சு உரிந்த இடத்தைத் தேய்த்து, வயருக்குப் போடும் சூட்டில் சுருங்கும் குழாயை வெட்டிச் செருகி, முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டுங்கள். ஐம்பது ரூபாயில் கூடை தப்பிக்கும். கேஸ்கெட்டுக்கு, பழைய துண்டு ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு மதுரை ரப்பர் சாமான் கடைகளில் பொருத்திப் பாருங்கள். மீட்டர் கணக்கில் கிடைக்கும். அடித்தட்டைத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு ஒன்று, மேலே எப்பாக்ஸி இரண்டு கை. ஒவ்வொரு கைக்கும் நடுவே முழு நாள் காய விட வேண்டும்.

8. தண்ணீர் அழுத்தம்

மெஷினைச் சரி செய்து வைத்தும் தண்ணீரே ஏறவில்லை என்று வால்வை மாற்றுகிறார்கள். வால்வு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். இந்த மெஷின்கள் நகராட்சிக் குழாய் அழுத்தத்தை எதிர்பார்த்துச் செய்தவை. அழுத்தத்தை பார் என்ற அளவில் சொல்வார்கள்; பல மாடல்கள் குறைந்தது அரை பார் கேட்கும். டேங்க் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார். ஒரு மாடி மேலே வைத்த டேங்க் 0.3 பார் தருவதே பெரிது. அதில் வால்வின் உள்தகடு திறக்காது, அல்லது திறந்து சரியாக மூடாது.

நல்ல தண்ணீர் டிரம்முக்கும் மெஷினுக்கும் நடுவே தானாக ஓடி நிற்கும் சின்ன பூஸ்டர் பம்ப் வையுங்கள். 3000 முதல் 5000 ரூபாய். டிரம் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம், மாடி ஏற்ற வேண்டியதில்லை. ஐரோப்பிய மெஷினின் முக்கால் அங்குல மரை நம் வாஷிங் மெஷின் குழாயோடு பொருந்தும். உள்ளே வரும் ஹோஸை மட்டும் புதுசாக வாங்குங்கள். பழையதை நம்பி வெளியே போகாதீர்கள்.

கழிவு ஹோஸை நேரே தரைச் சாக்கடையில் விடாமல், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவு கொடுத்து இறக்குங்கள். தரையோடு விட்டால் தண்ணீர் நிற்காமல் உறிஞ்சிப் போகும். தாழ்வான தெருவில் மழைக்குச் சாக்கடை எதிர்க்கும்போது அழுக்கு உள்ளே வரும்.

9. உப்பு: வாலிநோக்கத்து உப்பு இதற்கு ஆகாது

மென்மையாக்கும் பிசினுக்கு உப்பு வேண்டும். உப்பளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறோம், ஒரு மூட்டை கல்லுப்பு எடுத்துப் போட்டால் என்ன என்று எல்லாருக்கும் தோன்றும். சமையலுக்கு அருமையான உப்பு. ஆனால் வெயிலில் விளைந்த உப்பில் மண்ணும், கால்சியமும், மக்னீசியமும் ஒட்டியிருக்கும். எதை நீக்க வேண்டும் என்று பிசினைக் கழுவுகிறோமோ அதையே திரும்ப ஊற்றுகிறோம். மண் போய்க் குழாயை அடைக்கும். பாக்கெட் தூள் உப்பிலும் அயோடினும், கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் உண்டு, அதுவும் வேண்டாம். டிஷ்வாஷர் உப்பு என்றே விற்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும்.

நெடுநாள் காய்ந்த பிசினில் வெறும் தண்ணீரை ஊற்றினால் மணிகள் சட்டென்று ஊதி உடைந்துவிடும். முதலில் டிஷ்வாஷர் உப்பைக் கரையும் மட்டும் கரைத்த கெட்டி உப்புத் தண்ணீரை அந்த அறையில் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். பிறகு உப்பை நிரப்பி மூடியை இறுக்குங்கள். நிரப்பும்போது வழிந்த உப்பு நீர் தொட்டியில் நிற்கக் கூடாது. உடனே ஓர் அலசல் ஓட்டம் விட்டுவிட வேண்டும்.

10. முதல் ஓட்டமும், அன்றாடமும்

முதல் ஓட்டத்தைப் பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது, பாத்திரம் இல்லாமல் விடுங்கள். அடித்தட்டுக்கு முன்னால் செய்தித்தாளை விரித்து வைத்தால் ஒரு சொட்டு ஒழுகினாலும் தெரியும். தண்ணீர் ஏறுவது, மோட்டார் சத்தம், சூடேறுவது, வெளியேறுவது என்று வரிசையாகக் காது கொடுத்துக் கேளுங்கள். பாதியில் நின்றால் டைமரைக் கையால் திருகித் தாண்ட வைக்காதீர்கள். எந்தக் கட்டத்தில் நின்றது என்பதே பழுதைச் சொல்லிவிடும். சூடேறாமல் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் ஹீட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள்.

பாத்திரம் துலக்கும் சாதாரண சோப்புத் திரவத்தை ஒரு கரண்டிகூட ஊற்றக் கூடாது. நுரை கதவு வழியே வந்து மோட்டார் மேல் கொட்டும். டிஷ்வாஷர் பவுடர் கிலோ 400 ரூபாயை ஒட்டி வரும்.

மீன் சமைத்த நாளில் முள், செதில், கறிவேப்பிலையைத் தட்டிவிட்டு அடுக்குங்கள். பில்ட்டரை தினமும் கழுவுங்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹனை நடுவில் படுக்க வைத்தால் மேல் கூடைக்குத் தண்ணீர் போகாது, ஓரமாகச் சாய்த்து வையுங்கள். மண்சட்டி, பித்தளை, இரும்புக் கல், அலுமினியம் நான்கும் வெளியேதான். அலுமினியம் ஒரே ஓட்டத்தில் கறுத்துவிடும்.

மொத்தச் செலவு, ஹீட்டரும் பூஸ்டரும் புதுசாகப் போட வேண்டி வந்தால், மெஷின் விலையும் சேர்த்து 15,000 முதல் 20,000 ரூபாய்க்குள் அடங்கும். அதற்கு மேல் இழுத்தால் நிறுத்தி யோசியுங்கள்.

கடைசியாக, குடும்பத்தோடு மாதக்கணக்கில் வெளிநாடு போகிறவர்களுக்கு. மெஷின்கள் கெடுவது பெரும்பாலும் அப்போதுதான். போகும் முன் சிட்ரிக் ஆசிட் ஓட்டம் ஒன்று, பிறகு வெறும் ஓட்டம் ஒன்று. பில்ட்டர் குழியில் நிற்கும் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். உள்வரும் குழாயை மூடி, பிளக்கை உருவுங்கள். கதவை இறுக்கி மூடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். பல்லி நுழையாமல் அந்த இடைவெளியில் கொசுவலைத் துண்டு கட்டலாம். சாவி கொடுத்துவிட்டுப் போகும் உறவினர் நம்பிக்கையானவர் என்றால், மாதம் ஒரு முறை டிரம்மில் நல்ல தண்ணீர் ஊற்றி ஓர் ஓட்டம் விட்டு, முடிந்ததும் குழாயை மூடிப் பிளக்கை உருவச் சொல்லுங்கள். சீல் ஒட்டாது, பிசின் காயாது, திரும்பி வந்த அன்றே தட்டை அடுக்கலாம்.